இனிஷியலில் ஒளிந்திருக்கும் ஊர்... ஊமைப் பட நாயகி டி.பி.ராஜலட்சுமியைத் தேடி!

துரத்துகிற போலீஸிடமிருந்து தப்பி, பஸ்டர் கீட்டன் தெருவுக்கு ஓடி வருகிறார். அந்த வழியாகப் போகிற ஒரு காரை ஒற்றைக் கையால் எட்டிப் பிடிக்கிறார். அடுத்த நொடி ஆள் காற்றில் படுத்தபடி காரோடு பறந்து போய்விடுகிறார். 1922-ல் வந்த 'காப்ஸ்' என்ற ஊமைப் படத்தின் காட்சி இது. யூடியூபில் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கு தெரியாது.

நாமெல்லாம் கீட்டனைப் பார்த்துச் சிரிப்போம். கலிஃபோர்னியாவில் ஜான் பெங்ட்சன் என்ற வக்கீல், கீட்டனுக்குப் பின்னால் தெரிகிற சுவரைப் பார்த்தார். அது எந்தத் தெரு, அந்தக் கட்டடம் இப்போதும் இருக்கிறதா என்று தேடக் கிளம்பினார். கடைப் பலகையில் பாதி தெரிகிற எழுத்து, ஜன்னலின் வளைவு, நிழல் விழுகிற கோணம், அந்தக் காலத்துத் தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக வீடு வீடாக வரைந்து வைத்த வரைபடங்கள். இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. கீட்டன், சாப்ளின், ஹெரால்ட் லாயிட் மூவருக்கும் தனித்தனிப் புத்தகமே போட்டுவிட்டார். ஹாலிவுட்டில் காஹுவெங்கா என்ற சாலையை ஒட்டி ஒரு சின்னச் சந்து இருக்கிறது. சாப்ளினின் 'தி கிட்', கீட்டனின் 'காப்ஸ்', லாயிடின் 'சேஃப்டி லாஸ்ட்' மூன்று படங்களின் காட்சிகளும் அந்த ஒரே சந்தில் எடுக்கப்பட்டவை என்று அவர் காட்டியபோது, ஊரே அந்தக் குப்பைச் சந்தைத் திரும்பிப் பார்த்தது.

ஊமைப் படக் காமெடியில் மட்டும் இப்படித் தெருத் தெருவாகக் கிடைக்க ஒரு காரணம் உண்டு. சத்தம் பதிய வேண்டியதில்லை. டிராம் ஓடட்டும், குழாயடியில் சண்டை நடக்கட்டும், கேமராவுக்குக் கவலையில்லை. வெயில் இருந்தால் போதும். துரத்தல் காட்சிக்கு செட் போட்டுக் கட்டுப்படியாகுமா? நிஜத் தெருவில் ஓடிவிட வேண்டியதுதான். பேசும் படம் வந்த பிறகு மைக்குக்குப் பயந்து சினிமா நாலு சுவருக்குள் போய் உட்கார்ந்தது. தெரு திரும்பி வரப் பல வருஷம் ஆனது.

இதையெல்லாம் படித்ததும், நம்ம தஞ்சாவூரில் நாமும் இதைச் செய்து பார்த்தால் என்ன என்று ஒரு ஆசை வந்தது. தியேட்டரை இடித்த பிறகும் பஸ் ஸ்டாப்புக்கு அந்தத் தியேட்டர் பேரையே சொல்லிக்கொண்டிருக்கிற மக்கள் நாம். நமக்கா வராது?

வரவில்லை. காரணம் ரொம்ப எளிது. ஒட்டிப் பார்க்கப் படம் வேண்டும். தமிழ்நாட்டில் எடுத்த ஊமைப் படங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. ஆர்.நடராஜ முதலியார் புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வதம்' இல்லை. அதற்குப் பின்னால் வந்தவையும் இல்லை. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான் தப்பிப் பிழைத்தது. அதுவும் ஏன் தெரியுமா? கதையின் உரிமை தொடர்பான வழக்கில் படப்பெட்டி ஒரு புத்தகக் கம்பெனி கைக்குப் போய், அங்கேயே கிடந்தது. ஓடாமல் கிடந்ததால்தான் மிஞ்சியது!

சரி, படம் இல்லை. ஆள்? டெல்டாவிலிருந்து ஊமைப் படத்துக்குப் போனவர்கள் யாராவது உண்டா என்று தேடியபோது, முதலில் வந்து நின்ற பெயர் டி.பி.ராஜலட்சுமி. தமிழின் முதல் பேசும் படத்தின் கதாநாயகி. தமிழில் படம் இயக்கிய முதல் பெண். சினிமா ராணி என்று ஊரே கூப்பிட்ட பெண். குவிஸ் போட்டிக்குப் படித்தவர்களுக்கு இவ்வளவும் மனப்பாடமாக இருக்கும். ஆனால், அவர் இருந்த தெருக்களும் தியேட்டர்களும்?

முதல் துப்பு அவர் பேரிலேயே இருக்கிறது. டி என்றால் திருவையாறு. பி என்றால் பஞ்சாபகேசன், அவர் அப்பா. ஐயாறப்பர் கோயில் சாமிக்குத்தான் பஞ்சநதீஸ்வரர் என்று பேர். பஞ்சாபகேசன் என்று வைத்துக்கொள்வதும் அதே சாமியை நினைத்துத்தான். ஆக, ஊர், அப்பா, சாமி எல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் அடக்கம். பெங்ட்சனுக்கு இப்படி ஒரு துப்பு கிடைத்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து ஆறு, அதனால்தான் ஐயாறு. இறங்கினதும் அசோகா வாங்கிச் சாப்பிடுவது மரபு. நானும் மீறவில்லை.

ராஜலட்சுமி இந்த ஊரில் 1911-ல் பிறந்தார். அப்பா கிராமத்துக் கணக்குப்பிள்ளை. பாட்டு காதில் விழாமல் வளர முடியாத ஊர் இது. தியாகராஜ சுவாமிகள் வாழ்ந்து மறைந்த இடம். ராஜலட்சுமி சிறுமியாக இருந்த அந்த 1920-களில்தான், பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் நகைகளையும் சொத்தையும் விற்றுக் காவிரிக் கரையில் சமாதிக் கோயிலை எழுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலைக் கட்டிய பெண்ணுக்கே ஆராதனையில் எல்லாரோடும் உட்கார்ந்து பாட அப்போது இடமில்லை. ஒரு பெண்ணுக்கு மேடை என்பது அந்த ஊரில், அந்தக் காலத்தில் என்னவாக இருந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அந்தக் காலத்து வழக்கப்படி விளையாடுகிற வயதிலேயே ராஜலட்சுமிக்குக் கல்யாணம் ஆனது. வரதட்சணைத் தகராறில் அது முறிந்தது. அப்பாவும் இறந்துபோனார். ஆதரவில்லாத அம்மாவும் மகளும் காவிரியை ஒட்டியே மேற்கே போய்த் திருச்சியில் குடியேறினார்கள். கையில் இருந்த முதல், அந்தப் பெண்ணின் குரல். ஒரு தடவை கேட்ட பாட்டை அப்படியே திருப்பிப் பாடுகிற ஞானம் அவருக்கு இருந்தது. திருச்சியில் சி.எஸ்.சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதாக நாடக வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண், அதுவும் கணவனைப் பிரிந்த பெண், நாடக மேடையேறுவது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. பெண் வேஷத்தையே ஆண்கள் கட்டிக்கொண்டிருந்த காலம். பாய்ஸ் கம்பெனி என்றே பேர் வைத்து நடத்தினார்கள். அதில் ஒரு நிஜப் பெண் வந்து, நிஜக் குரலில் பாடினால் கூட்டம் வராமலா போகும்? வந்தது. கூடவே பேச்சும் வந்தது. இரண்டையும் அவர் தாங்கிக்கொண்டார் என்பதுதான் அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றிலிருந்தும் தெரிகிறது.

அவர் குடியேறிய திருச்சியிலேயே இன்னொரு கதை ஏற்கெனவே ஆரம்பித்து முடிந்திருந்தது. 1905-ல், தென்னிந்திய ரயில்வேயில் மாசம் 25 ரூபாய் சம்பளத்துக்குப் படம் வரைகிற வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற இளைஞர், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து உடம்பு சரியில்லாமல் படுத்துவிட்ட டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் ஃபிலிம்களையும் வாங்கினார். விலை சுமார் 2,000 ரூபாய். ஆறரை வருஷச் சம்பளத்துக்கும் மேலே! வேலையை விட்டுவிட்டு, கூடாரம் அடித்து ஊமைப் படம் காட்டக் கிளம்பினார். அந்த வின்சென்ட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ராஜலட்சுமி கதையில் அவர் திரும்ப வருவார்.

அந்தக் கூடாரம் எப்படி இருக்கும்? எங்க அப்பாயி பார்த்த டென்ட் கொட்டாய் இதற்கு ரொம்பப் பின்னால் வந்தது. ஆனால் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு அந்த மணல் வாசனையே தெரியும். தை அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போதுதான் டெல்டா கிராமங்களுக்குக் கொட்டாய் வரும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்துகொள்வதும், பின்னால் இருப்பவர் திட்டியதும் அதைக் கலைப்பதும் தனிக் கலை. ஊமைப் படக் காலத்தில் இன்னொரு ஆளும் உண்டு. திரைக்குப் பக்கத்தில் நின்று, நடுநடுவே வருகிற எழுத்தைப் படித்துக் கதை சொல்கிறவர். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அவர்தான் வசனம். சண்டைக் காட்சியில் அவரும் சேர்ந்து கத்துவார். வெளிநாட்டுக் காமெடிக்கு மட்டும் அவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். வழுக்கி விழுவதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு?

சென்னையில் நிலைமை வேறு. அங்கே 1913-லேயே மவுன்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் வந்துவிட்டது. அடுத்த வருஷம் ரகுபதி வெங்கய்யாவின் கெயிட்டி. பிறகு வெலிங்டன். இதில் கெயிட்டியும் வெலிங்டனும் இன்று இல்லை. எலெக்ட்ரிக் கட்டடம் மட்டும் அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்துக்குள் நிற்கிறது. ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் போய் வருகிற இடம். அவர்களில் எத்தனை பேருக்கு அது சினிமாக் கொட்டகை என்று தெரியும்?

1920-களின் கடைசியில் சென்னையில் ஊமைப் படத் தயாரிப்பு சூடு பிடித்தது. ஸ்டூடியோக்கள் வந்தன, நாடக மேடையில் பேரெடுத்தவர்களைக் கூப்பிட்டார்கள். ராஜலட்சுமியும் போனார். 1929-ல் 'கோவலன்', பிறகு 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி'. யோசித்துப் பார்த்தால் இதைவிட வேடிக்கை இல்லை. குரலுக்காகவே கொண்டாடப்பட்ட ஒரு பாடகி, சத்தமே இல்லாத படத்தில் உதட்டை மட்டும் அசைக்கிறார்! அந்தப் படங்களில் ஒரு காட்சியாவது சென்னைத் தெருவில் எடுத்திருப்பார்களா, அவருக்குப் பின்னால் டிராம் கம்பம் தெரிந்திருக்குமா, ஏதாவது தியேட்டர் வாசல் தெரிந்திருக்குமா... நம்மால் கேட்க மட்டும்தான் முடியும். மூன்றும் போய்விட்டன.

1931 மார்ச்சில் பம்பாயில் அர்தேஷிர் இரானியின் 'ஆலம் ஆரா' வெளியாகி, சினிமா பேச ஆரம்பித்தது. அதே இரானி, அதே செட்டில், தென்னிந்தியாவுக்காக ஒரு படம் எடுக்க முடிவு செய்தார். இயக்கம் எச்.எம்.ரெட்டி. கதாநாயகி ராஜலட்சுமி. படம் 'காளிதாஸ்'.

கதையைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டுகிற ஒரு முட்டாளைப் பிடித்துக்கொண்டு வந்து, இளவரசிக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள். கீட்டன் கண்ணில் பட்டிருந்தால் அந்த மரத்தை வைத்தே இருபது நிமிஷம் ஓட்டியிருப்பார்! ராஜலட்சுமிக்கு இளவரசி வேஷம். அவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்ல, யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ராட்டினப் பாட்டு வந்தது, காந்தி காலமாயிற்றே. கூடவே தியாகராஜ கீர்த்தனைகளும் வந்தன. திருவையாற்றுக் காவிரிக் கரையில் பெண்கள் பாடக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த அதே வருஷங்களில், திருவையாற்றுப் பெண் ஒருத்தி அந்தக் கீர்த்தனையை பம்பாய் ஸ்டூடியோவில் பாடி, அது ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. இந்தத் தேடலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1931 அக்டோபர் 31. சென்னையில் 'காளிதாஸ்' வெளியானது கினிமா சென்ட்ரல் தியேட்டரில்.   பின்னாளில் முருகன் டாக்கீஸ் என்று சென்னைவாசிகள் சொன்னது இதைத்தான். படப்பெட்டி ரயிலில் வந்து இறங்கியபோது கூட்டம் பூப்போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனதாக சினிமா வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் எழுதியிருக்கின்றன. 8,000 ரூபாயில் எடுத்த படம் 75,000 ரூபாய் வசூலித்தது என்பதும் அவற்றில் இருக்கிறது. அந்த ரோட்டில் போய் நின்றேன். பார்சல் லாரிகள், தள்ளுவண்டிகள், ஹாரன். பேசும் படத்துக்கு வரவேற்பு கொடுத்த தெரு இன்றைக்கும் சத்தமாகத்தான் இருக்கிறது.

அடுத்து கல்கத்தா. 1933-ல் அங்கே எடுத்த 'வள்ளி திருமணம்' படத்தில் ராஜலட்சுமிதான் வள்ளி. தயாரித்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ஆமாம், அதே திருச்சி ரயில்வே ஊழியர்தான். கூடாரத்தோடு பெஷாவர், ரங்கூன் வரைக்கும் போய்ச் சுற்றி வந்து, 1914-ல் தன் சொந்த ஊரான கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டிவிட்டிருந்தார். பிற்காலத்தில் டிலைட் ஆன அந்தக் கட்டடத்தைச் சில வருஷங்களுக்கு முன்னால் இடித்துவிட்டார்கள். ஆனால், தெருவுக்கு இன்னமும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பேர். கட்டடத்தைவிடப் பேருக்கு ஆயுசு கெட்டி. படம் பிரமாதமாக ஓடியது. அதில் உடன் நடித்த டி.வி.சுந்தரத்தை ராஜலட்சுமி மணந்துகொண்டார். விளையாட்டு வயதில் யாரோ முடித்து வைத்து, யாரோ முறித்துவிட்ட கல்யாணத்துக்குப் பிறகு, இது அவரே தேர்ந்தெடுத்தது.

அதோடு நின்றிருந்தால் பணக்கார நடிகையாக நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர் நாவல் எழுத உட்கார்ந்தார். 'கமலவல்லி' என்ற தன் நாவலையே 1936-ல் 'மிஸ் கமலா' என்று படமாக்கினார். கதை, வசனம், தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவர்தான். ஒரு பெண் தனக்கு விருப்பமில்லாத கல்யாணத்திலிருந்து வெளியே வருகிற கதை. அதை எழுதியவர் யார், எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்து பார்த்தால், அது வெறும் கதை இல்லை. இந்தியாவில் அவருக்கு முன் படம் இயக்கிய பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1926-ல் பம்பாயில் ஊமைப் படம் எடுத்த ஃபாத்மா பேகம்தான் அவர்களில் முதல்வர்.

பிறகு எடுத்த சுதந்திரப் போராட்டப் படம் பிரிட்டிஷ் சென்சாரில் மாட்டி, பேர் மாறி வெளிவந்து, கையைக் கடித்தது. 1940-களில் அவர் மெல்ல ஒதுங்கினார். புதுக் குரல்கள், புது முகங்கள். சினிமா யாருக்காகவும் காத்திருக்காது என்று நாம் சொல்வோம். அவர் விஷயத்தில் அது சினிமாவே தான் எடுத்ததைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாத அளவுக்குப் போனது. அந்தக் காலத்து ஃபிலிம் நைட்ரேட்டால் ஆனது. பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது. ஓடித் தேய்ந்த பிரதியை வைத்துக்கொள்ளப் பயந்து அழித்தார்கள். அழிக்காதவர்கள் அதில் இருக்கிற வெள்ளிக்காகக் கரைத்தார்கள். 'காளிதாஸ்' போனது. 'மிஸ் கமலா'வும் போனது.

1961-ல் அரசு அவருக்குக் கலைமாமணி கொடுத்தது. 1964-ல் காலமானார். அதே 1964-ல்தான் பூனாவில் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் ஆரம்பித்தார்கள். பழைய படங்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்க பி.கே.நாயர் என்ற ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்தார். சுந்தர்ராஜின் 'மார்த்தாண்ட வர்மா' புத்தகக் கடையிலிருந்து வெளியே வந்தது அவர் காலத்தில்தான். அந்தப் படத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் நிஜமான ஆறாட்டு ஊர்வலம் பதிவாகியிருக்கிறது. திருவனந்தபுரத்துக்காரர்கள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இது இந்தக் கோட்டை வாசல், இது இந்தத் தெரு என்று அடையாளம் சொல்லலாம். ஒரு வழக்கு தற்செயலாகக் கொடுத்த வரம்.

ராஜலட்சுமி விஷயத்தில் நமக்கு மிஞ்சியவை பாட்டுப் புத்தகங்கள், பத்திரிகை விளம்பரங்கள், கொஞ்சம் புகைப்படங்கள். பாட்டுப் புத்தகங்களைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் காலணா, அரையணாவுக்கு விற்றவை. கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாட்டு எல்லாம் அதில் இருக்கும். படம் அழிந்த பிறகு அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்வதே பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம் பக்கம் பழைய வீடுகளின் பரணில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இன்னமும் சில கிடக்கக்கூடும். வீட்டை விற்கும்போது பழைய பேப்பர்க்காரருக்குக் கிலோ கணக்கில் போட்டுவிடாமல் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள்.

திரும்பி வரும்போது திருவையாறு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடைப் பெரியவரிடம் ராஜலட்சுமி வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று விசாரித்தேன். எந்த ராஜலட்சுமி என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, நாலு வீதியையும் கையால் காட்டி, இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். நாலு வீதியையும் நடந்தேன். திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில இருக்கின்றன. தஞ்சாவூர் பஸ் வருவதற்குள் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துக்கொண்டேன், பின்னால் தெரிகிற கடைப் பலகைகளும் விழும்படியாக.